ஐபி முகவரி: உங்களிடம் இரண்டு இருக்கின்றன, எதைக் கேட்கிறார்கள்?

2020 ஏப்ரல். சிங்கப்பூரில் கோவிட் முடக்கமான சர்க்கிட் பிரேக்கர் தொடங்கி எல்லாரும் வீட்டுக்குள் முடங்கிய முதல் வாரம். அலுவலகக் கணினிக்குள் வீட்டிலிருந்தே நுழைய வேண்டும் என்பதால் கணினிப் பிரிவு எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது: உங்கள் வீட்டு ஐபி முகவரியை உடனே அனுப்புங்கள், அந்த முகவரியிலிருந்து வருபவர்களை மட்டும்தான் உள்ளே விடுவோம். நானும் மடிக்கணினியைத் துழாவி, 192.168.1.5 என்ற எண்ணைக் கண்டுபிடித்து, என்னமோ சாதித்துவிட்டதுபோல அனுப்பி வைத்தேன்.

அரை மணி நேரத்தில் தொலைபேசி மணி அடித்தது. கணினிப் பிரிவில் இருக்கும் தம்பி. "அண்ணே, நீங்களும் கணக்குப் பிரிவு அக்காவும் ஒரே வீட்டிலயா இருக்கீங்க?" என்றார். அக்கா இருப்பது கிளமெண்டியில். நான் அங் மோ கியோவில். அவரும் அதே 192.168.1.5-ஐத்தான் அனுப்பியிருந்தார்.

நாங்கள் இருவருமே தப்பான எண்ணை அனுப்பவில்லை. என் கணினியின் முகவரி அதுதான், அவருடைய கணினியின் முகவரியும் அதுதான். கேட்டது வேறு எண், அவ்வளவே. ஐபி முகவரியைக் கண்டுபிடிக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது இரண்டு நிமிட விஷயம். கிடைத்த எண் எந்த எண் என்று தெரியாமல்தான் முக்கால்வாசிப் பேர் திண்டாடுகிறார்கள். அதனால் பொத்தான்களுக்குப் பிறகு வருகிறேன்.

புளோக்கும் வீட்டு எண்ணும்

ஐபி என்பது இன்டர்நெட் புரோட்டோகால் என்பதன் சுருக்கம். இணையத்தில் நாம் அனுப்புவதும் பெறுவதும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போய் வருகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் யாரிடமிருந்து, யாருக்கு என்று இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும். அந்த எண்தான் ஐபி முகவரி. நாம் அடிக்கடி பார்க்கிற பழைய வகை, 1981-இல் வகுத்த தரப்படி, புள்ளிகளால் பிரித்த நான்கு எண்களைக் கொண்டது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 192.168.1.300 என்று யாராவது எழுதிக் கொடுத்தால் எங்கேயோ தட்டச்சுப் பிழை என்று அர்த்தம்.

இனி நம்ம ஊர்க் கணக்கு. சிங்கப்பூரில் 1995 முதல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருக்கிறது. பல ஊர்களில் ஒரு குறியீடு ஒரு வட்டாரத்தையே காட்டும். இங்கே அது ஒரே ஒரு கட்டடத்தைக் காட்டும். தேக்கா நிலையம் பஃபலோ சாலை 665-ஆம் புளோக். அதன் குறியீடு 210665. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி புளோக்குகளில் பெரும்பாலும் இப்படித்தான், கடைசி மூன்று இலக்கமும் புளோக் எண்ணாகவே இருக்கும். ஆக, குறியீட்டைச் சொன்னால் கடிதம் புளோக்கின் கீழ்த்தளம் வரை வந்துவிடும். அதற்கப்புறம் எந்த வீடு என்று தெரிய, ஐந்தாம் மாடி, 11-ஆம் எண் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

அந்த "ஐந்தாம் மாடி, 11" எத்தனை புளோக்குகளில் இருக்கும்? ஈசூனிலும் இருக்கும், தெம்பனிசிலும் இருக்கும், புக்கிட் பாத்தோக்கிலும் இருக்கும். புளோக்குக்குள் நின்று சொன்னால் அது சரியான முகவரி. புளோக்குக்கு வெளியே நின்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

192.168.1.5 என்பது அந்த மாதிரி வீட்டு எண். என் வீட்டு வைஃபைக்குள் மட்டும் அது என் மடிக்கணினியைக் குறிக்கும். இதை உள் முகவரி என்று வைத்துக்கொள்வோம். அஞ்சல் குறியீட்டைப் போல உலகத்துக்கே தெரிகிற எண் இன்னொன்று உண்டு, அது வெளி முகவரி. அது மடிக்கணினிக்குக் கிடையாது; இணையச் சேவை நிறுவனம் உங்கள் வீட்டில் வைஃபை தரும் பெட்டிக்கு, அதாவது ரவுட்டருக்கு, கொடுப்பது. வீட்டில் ஐந்து கைப்பேசி, இரண்டு மடிக்கணினி, ஒரு தொலைக்காட்சி, ஒரு அச்சுப்பொறி இருந்தாலும் வெளியே போகும்போது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே எண்தான்.

அப்படியானால் பதில் வரும்போது எது யாருக்கு என்று எப்படித் தெரிகிறது? இதற்குப் புளோக்கை விட்டுவிட்டு கொண்டோவுக்கு, அதாவது தனியார் அடுக்குமாடி வளாகத்துக்கு, போக வேண்டும். கொண்டோ வாசலில் ஒரு காவலர் இருக்கிறார். நீங்கள் வெளியே ஒரு கடிதம் அனுப்பினால், உறைமேல் இருக்கும் உங்கள் வீட்டு எண்ணை அழித்துவிட்டு கொண்டோவின் முகவரியை மட்டும் எழுதுகிறார். தன் நோட்டுப் புத்தகத்தில் "இன்ன கடிதம் இன்ன வீட்டிலிருந்து போனது" என்று குறித்துக்கொள்கிறார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து உரிய வீட்டுக்கு அனுப்புகிறார். நோட்டில் இல்லாத, யாரும் கேட்காத கடிதம் வந்தால் வாசலோடு சரி. நிஜக் காவலர் இப்படிச் செய்தால் மறுநாளே வேலை போய்விடும். ஆனால் உங்கள் ரவுட்டர் ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான பொட்டலங்களுக்கு இதையே செய்துகொண்டிருக்கிறது. இந்த வேலைக்கு நாட் என்று பெயர்.

இப்படி ஏன் சுற்றி வளைக்க வேண்டும், ஆளுக்கொரு வெளி எண் கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கொடுக்க எண் இல்லை. நான்கு எண் முறையில் மொத்தமே 4.29 பில்லியன் முகவரிகள்தான் வரும். ஊர்க் கணக்கில் சொன்னால் 429 கோடி. அதிலும் ஒரு பகுதி வெவ்வேறு காரணங்களுக்காக ஒதுக்கப்பட்டது. உலகில் இருப்பதோ 800 கோடிக்கு மேற்பட்ட மனிதர்கள், பலர் கையில் இரண்டு மூன்று கருவிகள். உலக அளவிலான கையிருப்பின் கடைசிக் கட்டுகள் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டன. சிங்கப்பூர் உட்பட ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி வழங்கும் ஏப்னிக் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசிப் பகுதியைத் தொட்டுவிட்டு, அப்போதிலிருந்து சிறுகச் சிறுகத்தான் கொடுக்கிறது.

இந்த நெருக்கடி வரப்போவது முன்பே தெரிந்ததால், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மூன்று தொகுதிகளை 1996-இலேயே முறைப்படி ஒதுக்கிவிட்டார்கள். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. உங்கள் எண் இந்த மூன்றில் ஒன்றாக இருந்தால் அது உள் முகவரி, சந்தேகமே வேண்டாம். அன்று இது தெரிந்திருந்தால் அந்தத் தம்பியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

அத்தையும் கறுப்புத் திரையும்

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் ஈசூனிலிருந்து அத்தை அழைத்தார். வீட்டிலேயே முறுக்கும் அச்சு முறுக்கும் சுட்டு விற்கிறார். டப்பாக்களில் ஒட்ட லேபிள் அச்சடிக்க வேண்டும், அச்சுப்பொறி "காணோம், காணோம்" என்கிறது. வாங்கிய கடையின் உதவி எண்ணை அழைத்தால் "ஐபி முகவரியைச் சொல்லுங்கள்" என்றார்களாம். அத்தை இணையத்தில் தேடி, வந்த எண்ணைச் சொல்லியிருக்கிறார். அது வீட்டின் வெளி எண். அந்தப் பக்கம் இருந்தவருக்கும் அது உறைக்கவில்லை. முக்கால் மணி நேரம் போனதுதான் மிச்சம். நான் செய்த தப்பையே அத்தை தலைகீழாகச் செய்திருந்தார்.

அச்சுப்பொறி வீட்டுக்குள் இருக்கிறது, கணினியும் வீட்டுக்குள் இருக்கிறது. இரண்டும் பேசிக்கொள்ள உள் முகவரிதான் வேண்டும். தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுத்தேன். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் நீங்களும் கூடவே செய்து பாருங்கள்.

விசைப்பலகையின் கீழ் வரிசையில் நான்கு சதுரம் போட்ட விண்டோஸ் விசை இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆர் எழுத்தைத் தட்ட வேண்டும். இடது மூலையில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சி, எம், டி என்று மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் அடிக்க வேண்டும்.

"ஐயோ, கறுப்பா ஒண்ணு வந்து நிக்குதுப்பா. வைரஸா?"

வைரஸ் இல்லை அத்தை. கணினிக்கு எழுத்தில் கட்டளை கொடுக்கிற இடம் அது. அங்கே ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளை இடைவெளி இல்லாமல் தட்டி மறுபடி என்டர் அடிக்க வேண்டும். ஐபிகான்ஃபிக் என்று படிக்கலாம். இது இருப்பதைக் காட்டும், எதையும் மாற்றாது, அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

சட்டென்று பத்திருபது வரிகள் ஓடும். அத்தை முதலில் படித்தது "255, 255, 255, 0". அது சப்நெட் மாஸ்க், முகவரி இல்லை. அடுத்து "மீடியா டிஸ்கனெக்டெட்னு இருக்கே, அதான் கோளாறா?" என்றார். கம்பி செருகாத துளைக்கும் இந்தப் பட்டியலில் ஓர் இடம் உண்டு, அதைத் தாண்டிப் போகலாம். வைஃபை என்ற தலைப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். கம்பி வழியாக இணைத்திருப்பவர்கள் ஈத்தர்நெட் தலைப்பைப் பார்க்க வேண்டும். அதன் கீழே ஐபிவி4 அட்ரஸ் என்ற வரி. அத்தை வீட்டில் அது 192.168.50.14. இரண்டு வரி தள்ளி டிஃபால்ட் கேட்வே என்று இருக்கும், அது 192.168.50.1. காவலரின் முகவரி அது, அதாவது ரவுட்டருடையது.

அப்புறம் அச்சுப்பொறி. அதன் சின்னத் திரையில் நெட்வொர்க் பகுதிக்குள் போனால் அதற்கும் ஓர் ஐபி முகவரி இருக்கும். திரை இல்லாத வகைகளில் நெட்வொர்க் விவரத்தைத் தாளில் அச்சடித்துக் காட்டும் வசதி இருக்கும். அத்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்: 192.168.1.37.

வியாதி பிடிபட்டது. கணினி 192.168.50 தொகுதியில் இருக்கிறது, அச்சுப்பொறி 192.168.1 தொகுதியில் இருக்கிறது. சாதாரண வீட்டு நெட்வொர்க்கில் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசி எண் மட்டும் கருவிக்குக் கருவி மாறும். அந்த 255.255.255.0 சொல்வது இதைத்தான்: முதல் மூன்றும் வட்டாரம், கடைசி ஒன்று வீடு. மூன்றும் பொருந்தவில்லை என்றால் இரண்டு கருவிகளும் வேறு வேறு புளோக்கில் உட்கார்ந்திருக்கின்றன.

"வீட்டுல புதுசா ஏதாவது மாட்டினீங்களா?" என்று கேட்டேன். மகன் புதிதாக மெஷ் வைஃபை ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். இணைய நிறுவனம் முதலில் கொடுத்த பெட்டியையும் அணைக்கவில்லை. ஆக, ஒரே வீட்டில் இரண்டு வைஃபை, இரண்டு காவலர்கள். மடிக்கணினி புதியதில், அச்சுப்பொறி பழையதில். நம்ம ஊர் வீடுகளில் இது சாதாரணமாக நடப்பதுதான். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு பெட்டி வரும், படுக்கையறைக்கு அலை எட்டவில்லை என்று இன்னொன்று வாங்குவோம், பழையது அலமாரிக்குள் தன் பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். விருந்தினருக்கென்று தனியாக வைத்த கெஸ்ட் வைஃபையில் இணைந்தாலும் இதே கதைதான். முன்பின் தெரியாதவர்கள் உங்கள் கருவிகளைப் பார்க்கக் கூடாது என்று அது வேண்டுமென்றே தள்ளி வைக்கும்.

அச்சுப்பொறியைப் புதிய வைஃபையில் சேர்த்ததும் அது 192.168.50.22 ஆனது. லேபிள் வந்தது. எனக்கு ஒரு டப்பா அச்சு முறுக்கு வந்தது.

கறுப்புத் திரை பிடிக்காதவர்களுக்கு விண்டோஸ் 11-இல் வேறு வழி இருக்கிறது. செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதியில் வைஃபையைத் தட்டி, இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்டீஸ் பக்கத்தில் கீழே இறங்கினால் அதே ஐபிவி4 அட்ரஸ் இருக்கும். எனக்கென்னவோ கறுப்புத் திரைதான் வசதி. செட்டிங்ஸ் பக்கங்களை அடிக்கடி இடம் மாற்றிவிடுகிறார்கள். ஐபிகான்ஃபிக் பல வருடங்களாக அதே இடத்தில் இருக்கிறது.

மேக் கணினியில் இன்னும் சுலபம். ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே இருக்கும் வைஃபை சின்னத்தைத் தட்டினால் ஐபி முகவரியும் ரவுட்டர் முகவரியும் அங்கேயே விரியும். சிஸ்டம் செட்டிங்ஸ் வழியாகப் போனால், வைஃபை, இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் டீடெயில்ஸ். ஐஃபோனில் செட்டிங்ஸ், வைஃபை, இணைந்திருக்கும் பெயருக்கு வலப்பக்கம் வட்டத்துக்குள் இருக்கும் ஐ எழுத்து. ஆண்ட்ராய்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் கொஞ்சம் மாறும். வைஃபை பட்டியலில் இணைந்திருக்கும் பெயரின் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரத்தைத் தட்டினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். லினக்ஸ்காரர்களுக்கு ஐ, பி, ஓர் இடைவெளி, ஏ, அவ்வளவுதான்.

எண்ணே சொல்லிவிடும்

அத்தை விஷயத்தில் பார்த்ததுபோல், எண்ணைப் பார்த்தாலே கோளாறு எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம். எனக்குப் பிடித்தது 169.254 என்று தொடங்கும் எண். கணினி ரவுட்டரிடம் முகவரி கேட்டது, பதிலே வரவில்லை, சரி என்று தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அதற்கு அர்த்தம். வைஃபை சின்னம் முழுசாகத் தெரியலாம், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. இந்த எண்ணைக் கண்டால் உலாவியையும் கேபிளையும் திட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள், பாதி நேரம் சரியாகிவிடும்.

127.0.0.1 என்பது கணினி தன்னைத் தானே அழைக்கும் எண். கண்ணாடி முன் நின்று "யாருப்பா அங்கே" என்று கேட்பது மாதிரி. உலகத்தில் எந்தக் கணினியிலும் அதுதான், அதனால் யார் கேட்டாலும் இதைக் கொடுக்காதீர்கள்.

நூலகத்திலோ பேரங்காடியிலோ வயர்லெஸ் எஸ்ஜி என்ற இலவசப் பொது வைஃபையில் இணைந்துவிட்டுப் பார்த்தால் வீட்டில் இருந்த எண் இருக்காது. முகவரி கணினியோடு ஒட்டிப் பிறந்ததில்லை, இருக்கும் இடத்தைப் பொறுத்தது. கணினியோடு கூடப் பிறந்த எண் ஒன்று உண்டு, அது மேக் முகவரி, பன்னிரண்டு இலக்கம், எழுத்தும் எண்ணும் கலந்து வரும். ஆப்பிள் மேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அலுவலகத்தில் "மேக் அட்ரஸ் கொடுங்கள்" என்றால் அதைக் கேட்கிறார்கள். இப்போதைய கைப்பேசிகள் வேவு பார்ப்பதைத் தவிர்க்க அதையும் ஒவ்வொரு வைஃபைக்கும் மாற்றிச் சொல்கின்றன, அது தனிக் கதை.

ஐபிகான்ஃபிக் பட்டியலில் ஐபிவி6 அட்ரஸ் என்று இன்னொரு நீண்ட வரியும் கண்ணில் பட்டிருக்கும். முக்காற்புள்ளி மாதிரி இரண்டு புள்ளிகளும், ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து வருவது. எண் பற்றாக்குறைக்கு வந்த நிரந்தரத் தீர்வு இதுதான். இதில் இருக்கும் முகவரிகளை எழுத 340 போட்டு அதன் பின்னால் ஏறக்குறைய 36 சுழியங்கள் போட வேண்டும். எண்ணுக்குப் பஞ்சமே இல்லாததால் இதில் ஒவ்வொரு கருவிக்கும் உலகம் அறிந்த முகவரியே கொடுக்கலாம். நோட்டுப் புத்தகக் காவலர் தேவையில்லை. ஆங்கில எஃப், இ, 8, 0 என்று தொடங்கினால் மட்டும் அது வீட்டுக்குள் பேசிக்கொள்ள வைத்த எண். வெறுமனே "ஐபி முகவரி" என்று கேட்பவர்கள் இன்றைக்கும் பெரும்பாலும் நான்கு எண் வகையைத்தான் நினைத்துக் கேட்கிறார்கள், அதனால் முதலில் அதைக் கொடுங்கள்.

வெளி முகவரி

இதைக் கணினிக்குள் தேடிப் பயனில்லை. ஏனென்றால் கணினிக்கே அது தெரியாது. காவலர் உறைமேல் என்ன எழுதினார் என்பது கடிதத்தைப் பெற்றவருக்குத்தானே தெரியும். ஆகவே வெளியே இருக்கும் ஒருவரைக் கேட்க வேண்டும். தேடுபொறியில் "என் ஐபி முகவரி என்ன" என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதைக் காட்டும் தளங்கள் வரிசையாக வரும். அவற்றில் ஒன்றைத் திறந்தால் 203.0.113.45 என்பதுபோல ஓர் எண் தெரியும். நான் எழுதியிருப்பது யாருடைய வீட்டு எண்ணும் அல்ல. பாடப் புத்தகங்களில் எடுத்துக்காட்டாகப் போடுவதற்கென்றே 203.0.113 தொகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். விபிஎன், அதாவது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை, ஓடிக்கொண்டிருந்தால் அந்த விபிஎன்னின் எண்தான் தெரியும். கைப்பேசியில் பார்த்தால் வைஃபையில் இருக்கிறதா டேட்டாவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டேட்டாவில் இருந்தால் தெரிவது தொலைபேசி நிறுவனத்தின் எண், வீட்டுடையது அல்ல. கைப்பேசி நிறுவனங்கள் பெரும்பாலும் இன்னொரு பெரிய காவலரை வைத்து ஒரே வெளி எண்ணை நிறைய வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடுகின்றன. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் அந்த வேலைக்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. வீட்டு ரவுட்டரின் பக்கத்தில் இணையம் என்ற பகுதியில் அப்படி ஓர் எண் தெரிந்தால் உங்கள் வீட்டுக்கும் அதே ஏற்பாடு என்று புரிந்துகொள்ளலாம். வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து நேரடியாகத் திறக்கப் பார்த்து முடியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

அலுவலகம் கேட்டது, விளையாட்டு சர்வர் வைக்கிற நண்பன் கேட்டான், வெளியிலிருந்து வீட்டுக் கணினிக்குள் நுழைய வேண்டும் என்றெல்லாம் வந்தால் இந்த வெளி எண். அச்சுப்பொறி, தொலைக்காட்சி, வீட்டுக்குள் இருக்கும் கோப்பு வட்டு என்றால் உள் எண். குழப்பமாக இருந்தால் கேட்பவரிடமே திருப்பிக் கேட்டுவிடுங்கள். அந்தத் தம்பி மின்னஞ்சலில் ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தால் எல்லாருக்கும் ஒரு காலைப்பொழுது மிச்சமாகியிருக்கும்.

வெளி எண் தெரிந்தால் வீடு தெரிந்துவிடுமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் அது தெரியத்தான் செய்கிறது, தெரியாவிட்டால் பதில் அனுப்ப முடியாது. எண்ணை வைத்து ஊரையும் இணைய நிறுவனத்தையும் ஊகிக்கலாம். நமக்கு நாடும் ஊரும் ஒன்றே என்பதால் "சிங்கப்பூர், சிங்கப்பூர்" என்று இரண்டு முறை எழுதிவிட்டுத் தீவின் எங்கோ ஓரிடத்தில் புள்ளி வைத்துவிடும். என்னை அது ஜூரோங்கில் வைத்தது. அந்த எண் இன்ன நேரத்தில் எந்தச் சந்தாதாரரிடம் இருந்தது என்பது இணைய நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். விசாரணை என்று வந்தால் அதிகாரிகள் அங்கே கேட்பார்கள். அதற்காக முன்பின் தெரியாதவர்கள் இருக்கும் அரட்டைக் குழுவில் போட்டு வைக்கவும் வேண்டாம். அந்த எண்ணை வைத்து உங்கள் ரவுட்டரின் கதவைத் தட்டிப் பார்க்க ஆள் இருக்கிறது. ரவுட்டர் பெட்டியின் அடியில் ஒட்டி வந்த கடவுச்சொல்லை இன்னும் மாற்றாதவர்கள் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. "உங்கள் ஐபி முகவரியை யாரோ திருடிவிட்டார்கள், கணினியில் இந்தச் செயலியை இறக்குங்கள், நாங்கள் சரி செய்கிறோம்" என்று தொலைபேசி வந்தால் வைத்துவிடுங்கள். பேசுகிறவர் தொலைத்தொடர்பு நிறுவனம் என்பார், காவல்துறை என்பார், கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லி அதில் வரும் வரிகளைக் காட்டியே பயமுறுத்துவார். அந்தத் திரையில் எப்போதும் இருக்கும் வரிகள்தான் அவை. அழைப்பு மெய்யா மோசடியா என்று கேட்க, சிங்கப்பூரில் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

அத்தை ஒட்டி வைத்த தாள்

அச்சுப்பொறி சரியான அன்று அத்தை இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்தார். டிசம்பரில் மறுபடி அழைத்தார். "தாளுல இருக்கிற நம்பர் வேலை செய்யலப்பா." வீடு சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் இரண்டு நாள் அணைத்து வைத்திருக்கிறார்கள். திரும்பப் போட்டபோது 22-ஐ யாருடைய கைப்பேசியோ எடுத்துக்கொண்டது, அச்சுப்பொறிக்கு 31 கிடைத்தது.

உள் எண்ணை ரவுட்டர் வாடகைக்குத்தான் கொடுக்கிறது. டிஹெச்சிபி என்ற முறை அது. கருவி உள்ளே வந்ததும் "எனக்கொரு எண்" என்று கேட்கும், ரவுட்டர் கையில் இருப்பதில் ஒன்றைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும். பல ரவுட்டர்களில் அது ஒரு நாள் கணக்கு. கருவி இருந்துகொண்டே இருந்தால் வாடகை தானாகப் புதுப்பிக்கப்படும். நீண்ட நேரம் காணவில்லை என்றால் எண் வேறு ஆளுக்குப் போகலாம். கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் எண் மாறினால் நமக்கு ஒன்றுமில்லை. அச்சுப்பொறி, கேமரா மாதிரி மற்றவர்கள் தேடி வருகிற கருவிக்கு மாறினால்தான் தொல்லை. வெளி எண்ணும் இப்படித்தான்; வீட்டுச் சந்தாவில் அது மாறலாம், மாறாத எண் வேண்டுமென்றால் இணைய நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம், பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

அடுத்த ஞாயிறு சிராங்கூன் சாலையில் மளிகை வாங்கிவிட்டு அப்படியே ஈசூனுக்குப் போனேன். உலாவியில் மேலே, தள முகவரி எழுதும் இடத்தில், காவலரின் எண்ணைத் தட்டினேன், அந்த 192.168.50.1. ரவுட்டரின் பக்கம் திறந்தது. உள்ளே இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் அச்சுப்பொறியைத் தேடி, அதற்கு 192.168.50.22 என்று நிரந்தரமாக ஒதுக்கினேன். ரவுட்டருக்கு ரவுட்டர் சொல் மாறும். ரிசர்வேஷன் என்றோ அட்ரஸ் பைண்டிங் என்றோ இருக்கும். அச்சுப்பொறியை அணைத்துப் போட்டதும் பழைய எண்ணுக்கே வந்துவிட்டது. அத்தை தாளை எடுக்கவில்லை. எண்ணின் கீழே "மாறாது" என்று எழுதி, இரண்டு முறை கோடு போட்டு வைத்திருக்கிறார்.